இலுப்பை விளக்கும் எண்ணெய்க் கிணறும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் கரையோர வீதியில் இலுப்பைக்கடவை என்னும் ஊர் உண்டு. அதன் பெயரிலேயே ஓர் எண்ணெய் மரம் நிற்கிறது. இலுப்பை வித்தைச் செக்கிலிட்டு ஆட்டிய எண்ணெய், ஒரு காலத்தில் தமிழர்தம் கோயில்களிலும் இல்லங்களிலும் ஒளி தந்தது. அவ்விளக்கின் இடத்தை மண்ணெண்ணெய் பிடித்த கதை, கடல்களுக்கு அப்பால் தொடங்குகிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்னுமிடத்தில் எட்வின் டிரேக் என்பவர் கிணறு துளைத்தார். முன்னர் அவர் புகைவண்டியில் நடத்துநராக இருந்தவர். 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் துளை 69½ அடியை எட்டியது. மறுநாள் எண்ணெய் மேலெழுந்து நின்றது. அதனைக் காய்ச்சி வடித்த மண்ணெண்ணெய் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டுச் சிற்றூர்களுக்கும் அது தகரங்களில் வந்து சேர்ந்தது. வெறுந்தகரம் நீர் சுமக்கவும் உதவிற்று. செக்கோ மெல்ல மெல்ல ஓய்ந்தது.

எண்ணெய் கண்டோர் யாவரும் வாழ்ந்தனரா? டைட்டஸ்வில்லுக்கு அண்மையில் பிட்ஹோல் என்றொரு நகர் 1865இல் எழுந்தது. சில திங்களுக்குள் ஏறத்தாழ 15,000 மக்கள் அங்கே திரண்டனர். கிணறுகள் வற்றின, தீயும் பரவிற்று, 1877இல் அது நகரென்னும் தகுதியையே இழந்தது. டிரேக்கும் பொருளை இழந்து வறுமையுற்றார். 1873இல் மாநில அரசு ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகை அளித்த பின்னரே அவர் குடும்பம் மூச்சுவிட்டது.

நம் கரையிலும் எண்ணெய் தேடினர். 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டனர். வாணிபத்துக்கு வேண்டிய அளவு கிட்டவில்லை. 2011இல் மன்னார்க் கடற்படுகையில் கெயார்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது. ஆயினும் அதை எடுக்காமலே பின்னர் வெளியேறியது.

இன்று இக்கரை மீனவர் பலரின் படகு இயந்திரங்கள் மண்ணெண்ணெயாலேயே ஓடுகின்றன. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. கடலுக்குச் செல்லும் செலவைப் பிடிபடும் மீன் ஈடுசெய்யுமோ என்று குடும்பங்கள் கலங்கின. கடலடியில் எரிவாயு, கரையிலோ எரிபொருளுக்குத் தவிப்பு!

நாளை மீண்டும் துளையிட வருவோர் வரக்கூடும். மீன்பிடி நிலத்துக்குக் காப்பு, இழப்புக்கு ஈடு, கரையோர இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி ஆகியவற்றைத் துளையிடுமுன் எழுத்திற் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை. பிட்ஹோல் நகரின் வெறுந்தெருக்கள் நமக்கு உரைக்கும் பாடம் இதுவே.