கூலி என்பது ஆளின் பெயர் அல்ல

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்க்கும் பணி ஆண்டுதோறும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வந்து சேரும். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் கல்லூரியில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் பெரும்பாலான மாணவர்கள் எழுதுவது ஒரே சொல்: கூலி. பள்ளிபாளையத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் சென்ற ஆண்டு அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்.

"அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். "விசைத்தறி ஓட்டுகிறார், ஐயா" என்றார். "அப்படியானால் கூலி என்று எழுதிவிடு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவர் சற்றுத் தயங்கி, "துருக்கி மொழியில் கூலி என்றால் அடிமை என்று பொருளாமே, ஐயா? கைப்பேசியில் படித்தேன்" என்றார். தமிழாசிரியனாகிய என்னிடம் உடனே சொல்வதற்கு விடை இல்லை. அன்று மாலை அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

அந்த மாணவி படித்தது முழுப் பொய்யன்று. துருக்கிய மொழிக் குடும்பத்தில் 'குல்' என்றொரு சொல் இருக்கிறது, பொருள், அடிமை. மங்கோலியாவின் ஓர்கான் பள்ளத்தாக்கில் உள்ள 8-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், துருக்கியக் குடியினரின் புதல்வர்கள் சீனர்களுக்கு அடிமைகளானதைக் குறிப்பிடும் இடத்திலேயே இச்சொல் காணப்படுகிறது. உஸ்பெக், கசாக் மொழிகளிலும் அது வழங்குகிறது. உதுமானியப் பேரரசில் சுல்தானின் நேரடிச் சேவகர்களுக்கும் படையினருக்கும் 'கப்புகுலு', அதாவது வாயிலின் அடிமைகள், என்று பெயர். இன்றைய துருக்கியில் 'குல்' என்பது இறைவனுக்கு முன் மனிதனைக் குறிக்கும் பணிவுச் சொல். நம் 'அடியார்' என்ற சொல்லில் அடிமையும் பெருமையும் கலந்திருப்பதைப் போன்றது இது.

இந்தச் சொல் பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. கோல்கொண்டா அரசை நிறுவிய சுல்தான் குலி குதுப்-உல்-முல்க், 1591-இல் ஹைதராபாத் நகரை அமைத்த முகம்மது குலி குதுப் ஷா, வங்கத்தின் முர்ஷித் குலி கான் ஆகியோரின் பெயர்களில் உள்ள 'குலி' இதுதான். அரியணையில் அமர்ந்தவர்களே பெருமையுடன் தாங்கிய பெயர் அது.

நம் 'கூலி' வேறு. திருக்குறளில் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. தெய்வத்தால் ஆகாமற் போனாலும், முயற்சியானது உடல் வருந்திய அளவுக்குக் கூலி கொடுத்துவிடும் என்பது அங்கே வள்ளுவர் சொல்லும் கருத்து. குறளின் காலம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், தில்லி சுல்தானின் படை 1311-இல் மதுரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நூல் அது என்பதில் வேறுபாடு இல்லை. மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய மொழிகளிலும் கூலி என்ற சொல் இருக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றை ஓர் இனமாகவே வைத்திருக்கிறது.

கூலம் என்றால் தானியம். கூலமாக அளந்து கொடுக்கப்பட்டதால் கூலி என்று தமிழ்ச் சொல்லாய்வாளர்கள் விளக்கம் கூறுவர். சேலம் கல்லூரியில் 1940-களிலும் 50-களிலும் தமிழ் கற்பித்த தேவநேயப் பாவாணர், இவ்வகைச் சொல்லாய்வைத் தம் வாழ்நாள் பணியாகவே கொண்டிருந்தார். இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் ஓர் உண்மையை மறுக்க முடியாது. அறுவடை நாளில் களத்துமேட்டில் வள்ளத்தால் அளந்து போடப்பட்ட தானியத்தைத்தான் எங்கள் பகுதியின் மூத்த தலைமுறை கூலி என்று அறிந்திருந்தது.

ஒலி ஒத்திருப்பதாலேயே சொற்கள் உறவாகிவிடுவதில்லை. துருக்கி மொழியில் ஏரிக்கு 'கோல்' என்று பெயர். அதைக் கொண்டு நம் குளத்தை அங்கிருந்து வந்ததாகச் சொன்னால் சேலத்து ஏரிகளே சிரிக்கும். தமிழ்க் கூலியில் முதல் எழுத்து நெடில். துருக்கிய 'குல்' குறில். ஒன்று பொருளின் பெயர். மற்றொன்று ஆளின் பெயர். இரண்டும் தனித்தனியே பிறந்த சொற்கள்.

பிறகு இவை எங்கே சந்தித்தன? ஐரோப்பியரின் வாயில். குஜராத் கடற்கரையில் வாழ்ந்த கோலி இனத்தவரைப் போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். சோழமண்டலக் கரையிலோ சுமை தூக்குவோர் கூலி கேட்டனர். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, கோலி, தமிழ்க் கூலி, துருக்கியச் சொல் ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் ஆராய்ந்தது. உருதுவில் சுமை தூக்குபவரைக் குறிக்கும் சொல்லைத் துருக்கிய 'குலி'யைப் போலவே எழுதும் வழக்கமும் இந்தக் குழப்பத்தை வளர்த்தது.

இந்தச் சந்திப்பில் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய விலை. அதைப் பெறுபவர் கூலியாள் அல்லது கூலிக்காரர். ஆங்கிலம் விலையின் பெயரை எடுத்து ஆளின் மேல் ஒட்டியது. உழைத்தவனுக்குச் சேர வேண்டியது எது என்று சொன்ன சொல், உழைப்பவன் யார் என்று இழித்துரைக்கும் சொல்லாயிற்று. சிங்களத்தில் 'குலிய' என்றால் இன்றும் வாடகைதான். அங்கே சொல் தன் பழைய பொருளை இழக்கவில்லை. சீனர்களோ இதைத் தம் எழுத்தில் 'கசப்பு', 'வலிமை' என்ற இரு குறிகளால் எழுதினர். ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகளே ஆயினும், அந்த வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

1834-இல் மொரீஷியசுக்கும், 1860-இல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டபோது இந்தப் பெயரும் அவர்களுடன் கப்பலேறியது. சுமத்ராவின் தோட்டங்களுக்காக டச்சு அரசு 1880-இல் கூலிச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த இடங்களில் முதன்மையானவை அன்றைய திருச்சி, சேலம் மாவட்டங்கள். இன்றைய நாமக்கல் வட்டாரமும் இவற்றுள் அடக்கம். எங்கள் ஊர்களிலிருந்து போனவர்கள் அங்கே தங்கள் பெயரை இழந்து 'கூலி' ஆனார்கள்.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளே 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டார். அங்கு இந்தியர்களைச் 'சாமி' என்றும் ஏளனமாகக் கூப்பிடுவார்களாம். 'சாமி என்றால் எஜமான் என்று பொருள். நான் உமக்கு எஜமான் அல்லவே' என்று சிலர் திருப்பிச் சொன்னதைக் காந்தி தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். சொற்பொருள் அறிவே அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம். மொரீஷியசில் 'கூலி காட்' எனப்பட்ட கப்பல்துறை, பின்னர் 'ஆப்பிரவாசி காட்' எனப் பெயர் மாற்றப்பட்டு, 2006-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. இந்திய ரயில்வேயும் 2016 நிதிநிலை அறிக்கையில், நிலையங்களில் சுமை தூக்குவோரை இனி 'சகாயக்' என்று அழைப்பதாக அறிவித்தது.

பெயர் மாற்றங்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் தமிழர்களாகிய நாம் கூலி என்ற சொல்லைக் கண்டு கூச வேண்டியதில்லை. நகைக்கடையில் செய்கூலி கொடுக்கிறோம். சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் கைவினைஞர் பெறுவதும் அதுவே. நாமக்கல் லாரிகளுக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி உண்டு. விசைத்தறியில் நூல் கொடுப்பவர் தறி உடைமையாளருக்குத் தருவதும் கூலி; அவர் தறி ஓட்டுபவருக்குத் தருவதும் கூலி. தறி உடைமையாளரை யாரும் கூலி என்று அழைப்பதில்லை. தறி ஓட்டுபவரை மட்டுமே அப்படி அழைக்கிறோம். ஆங்கிலேயர் செய்த பிழையை நம் படிவங்களிலும், 'கூலித் தொழிலாளி பலி' என்னும் செய்தித் தலைப்புகளிலும் நாமே தொடர்ந்துகொண்டிருக்கிறோம். மருத்துவர் இறந்தால் அவர் மருத்துவர். நெசவு செய்தவர் இறந்தால் மட்டும் அவர் தொழில் மறைந்து கூலி மிஞ்சுகிறது.

இதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. விசைத்தறிப் பகுதிகளில் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் வாங்கிய தொழிலாளி, அது தீரும்வரை வேறு தறிக்கூடத்துக்குப் போக முடியாத நிலை இன்னும் முற்றாக ஒழியவில்லை. கடனுக்காக உழைப்பைக் கட்டிப்போடுவதைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே தடை செய்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. அதாவது, கூலி முழுமையாகவும் உரிய நேரத்திலும் கிடைக்கும்வரை உழைப்பவர் சுதந்திர மனிதர். அது குறைந்தாலோ தடைபட்டாலோ அவர் அடிமை. 'மாரடித்த கூலி மடிமேலே' என்ற பழமொழியில் இருப்பதும் இந்த அவசரமே. அகராதியில் உறவில்லாத தமிழ்க் கூலியும் துருக்கியக் 'குல்'லும் உறவாகிவிடும் இடம், கூலி மறுக்கப்படும் இடம்தான்.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து இவற்றைச் சொன்னேன். "கூலி என்பது உன் தந்தைக்குச் சேர வேண்டியது. அவருடைய பெயரும் அன்று, தொழிலும் அன்று" என்றேன். அவர் பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் 'விசைத்தறி நெசவாளர்' என்று எழுதினார்.

இவ்வாண்டுச் சேர்க்கையின்போது ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: "கூலி சரி, என்ன வேலை?" கொத்தனார், சாயப்பட்டறைத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், கொலுசு செய்பவர், குச்சிக்கிழங்கு பிடுங்குபவர் என்று விடைகள் வருகின்றன. சேர்க்கைப் பணி முடிய முன்பைவிடச் சற்று அதிக நேரம் ஆகிறது; அவ்வளவுதான்.