முதற் கத்திக்கு ஏற்ற உருக்கு

மழுங்கிய கத்தியாற் கொய்த மரக்கறியின் காம்பு நசுங்கும். நசுங்கிய காம்பு விரைவில் அழுகும். ஆதலால், தமக்கு வேண்டிய கத்தியைத் தாமே செய்ய விரும்பும் கமக்காரர், வேலையைத் தொடங்குமுன் உருக்கின் தன்மையை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

உருக்குக்கு வன்மையைத் தருவது அதிலுள்ள காபன். கட்டட வேலைக்குரிய மெல்லுருக்கில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 0.25 பங்குக்கு உட்பட்டதே. அதனை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிலைக்காது. துருப்பிடியா உருக்கையோ 1000 பாகை சதத்துக்கு மேற்பட்ட வெப்பத்திற் குறித்த நேரம் வைத்திருத்தல் வேண்டும். சாதாரண கரியுலையில் இது எளிதன்று.

புதிதாகப் பழகுவோருக்கு உகந்தது, ஏறத்தாழ 0.8 பங்கு காபன் கொண்ட கலப்பற்ற உருக்காகும். 1084 என்னும் இலக்கமுடைய உருக்கு இவ்வகையைச் சார்ந்தது. காந்தம் ஒட்டாத நிலையை அடைந்தபின், மேலும் சிறிது காய்ச்சி, ஏறக்குறைய 815 பாகையில் எண்ணெயில் தோய்த்தால் அது நன்கு வன்மையடையும்.

லொறியின் வில்லுத் தகடும் பயன்படும். அதிற் காபன் பெரும்பாலும் 0.6 பங்களவில் இருப்பதால், அது கூரிலும் உறுதியிற் சிறந்தது. ஆனால் பழைய தகட்டிற் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் இருக்கக்கூடும். பல நாள் உழைத்துச் செய்த கத்தி, தோய்க்கும்போதோ வேலையின்போதோ அவ்விடத்தில் முறிந்துவிடும்.

எவ்வகை உருக்காயினும் முதலிற் சிறு துண்டொன்றைச் சோதித்தல் வேண்டும். அதனை மேற்கூறியவாறு காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, அரத்தால் அராவுக. அரம் பற்றாது வழுக்கினால் உருக்கு வன்மையடைந்துள்ளது. பின்னர் துண்டைச் சாக்கினாற் சுற்றி, கண்ணுக்குக் காப்பணிந்து, சுத்தியலால் முறித்துப் பார்க்குக. முறிவு சாம்பல் நிறமாய், மென்மணியாய் இருப்பின் நன்று. பருமணியாய் மின்னினால் வெப்பம் மிகுந்துவிட்டது.

தோய்த்த கத்தியை அப்படியே பயன்படுத்தலாகாது. ஏறக்குறைய 200 பாகையில், ஒவ்வொரு மணி நேரமாக இருமுறை சூடாக்கினால் நொறுங்குந் தன்மை குறையும். துலக்கிய பரப்பு வைக்கோல் நிறமடைதல் அதற்குரிய அடையாளம்.

நாகம் பூசிய இரும்பை உலையிலிடுதல் கூடாது. அதன் புகை உடலுக்குக் கேடானது.

உருக்குத் தொழில் இலங்கைக்குப் புதியதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியிற் பருவக்காற்றின் விசையால் இயங்கிய பண்டைய உலைகள் கண்டறியப்பட்டுள்ளன. 1994இல் அத்தகைய உலையை மீள அமைத்துச் சோதித்தபோது, காபன் மிகுந்த உருக்குக் கிடைத்தது.

சோதனையிற் சிறு துண்டை இழப்பது நட்டமன்று. சோதியாது செய்த கத்தியை அறுவடை நாளில் இழப்பதே நட்டம்.