212 டிகிரி சூட்டில் மரத்துக்கு "ஆவிக் குளியல்"! மழையில் நனைந்தாலும் எளிதில் அழுகாது

பேக்கிங் பெட்டி அடிக்கிற பைன் மரத்தைக் கொண்டுபோய் கடல் ஓரத்துக் கட்டிடத்துக்குப் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? "இரண்டு மழைக்கே உளுத்துப் போகும்" என்பார் நம்ம ஊர் ஆசாரி.

பின்லாந்து நாட்டுக்காரர்கள் துணிந்து போட்டே விட்டார்கள்!

தலைநகர் ஹெல்சிங்கியில் கடலை ஒட்டி "லோய்லி" என்ற நீராவிக் குளியல் விடுதி இருக்கிறது. 2016-ம் ஆண்டு திறக்கப்பட்டது. தொடங்கியவர்கள் 2 பேர். ஒருவர் சினிமா நடிகர் யாஸ்பர் பாக்கோனென். இன்னொருவர் அப்போது எம்.பி.யாக இருந்த அன்டெரோ வார்டியா.

கட்டிடத்துக்குப் போர்வை போர்த்தியதுபோல சுமார் 4 ஆயிரம் பைன் பலகைகள். மழை, பனி, உப்புக் காற்று எல்லாம் அதன் மேல்தான். ஜனங்கள் அதில் ஏறி உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்க்கிறார்கள்.

எப்படித் தாங்குகிறது? அதன் விவரம் வருமாறு:-

பலகையை முதலில் சூளையில் வைத்து ஒட்டக் காயவைக்கிறார்கள். பிறகு சூட்டை ஏற்றுகிறார்கள். வெயில் மழையில் நிற்கவேண்டிய பலகை என்றால் 212 டிகிரி. (தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்!) அந்த உச்ச சூட்டில் 2 மணி முதல் 3 மணி நேரம் வைக்கிறார்கள்.

மரம் பற்றிக்கொள்ளாதா? பற்றும். அதனால்தான் சூளைக்குள் நீராவியை விடுகிறார்கள். ஆவி நிறைந்துவிட்டால் காற்றுக்கு அங்கே இடம் இல்லை. நெருப்பும் பிடிக்காது.

வெளுப்பாக உள்ளே போன பலகை காப்பிக்கொட்டை நிறத்தில் வெளியே வருகிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளேயும் அதே நிறம்தான்.

காளானுக்குப் பட்டினி

மரத்தை அழுக வைப்பது காளான். அதற்கு ஈரமும் வேண்டும், தீனியும் வேண்டும். இந்தச் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் சர்க்கரை போன்ற சத்து சிதைந்துவிடுகிறது. தண்ணீரை உறிஞ்சும் குணமும் குறைகிறது. மழைக்கு ஊதுவதும் வெயிலுக்குச் சுருங்குவதும் ஏறக்குறைய பாதிதான். பச்சைப் பானைக்கும் சுட்ட பானைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மரம் அழுகாமல் தாங்குவதை ஐரோப்பாவில் 5 தரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வைரம் பாயாத பைன் கட்டைக்குக் கடைசி இடம். 212 டிகிரியில் வெந்து வந்தால் அதற்கே 2-வது இடம்!

பின்லாந்தின் அரசு ஆராய்ச்சி நிலையம் 1990-களில் இந்த முறையை உருவாக்கியது. "தெர்மோவுட்" என்று பெயர்.

பாஷாணப் பலகை

அதற்கு முன்பு வெளிநாடுகளில் பைன் பலகைக்கு மருந்து ஏற்றினார்கள். செம்பு, குரோமியம், கூடவே ஆர்சனிக் பாஷாணம்! குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல், சறுக்குமரம்கூட அந்தப் பலகையில்தான். எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பதை கம்பெனிகள் நிறுத்தின. ஐரோப்பாவில் 2004-ல் கடும் கட்டுப்பாடு வந்தது. வேகவைத்த பலகையிலோ மருந்து துளியும் கிடையாது. சூடும் ஆவியும்தான்.

ஆனால் ஒன்று. சூடுபட்ட மரத்துக்கு வலு குறைகிறது. சுவருக்கு மேல்பூச்சுப் பலகையாக அடிக்கலாம். மொட்டை மாடியில் தளம் போடலாம். உத்தரமாகவோ தூணாகவோ நிறுத்தக்கூடாது. மண்ணில் புதைக்கவும் கூடாது. நேராக ஆணி அடித்தால் பிளக்கும். துளை போட்டு, துருப்பிடிக்காத ஸ்குரு முடுக்கவேண்டும். காப்பி நிறமும் நிலைக்காது. பூச்சு இல்லாமல் விட்டால் வெயில் பட்டுப் பட்டு சாம்பல் நிறம் ஆகிவிடும்.

நம்ம ஊருக்கு முக்கியமான சங்கதி இன்னொன்று. கரையானுக்கு இந்தப் பலகை தடை அல்ல. பின்லாந்தில் கரையான் கிடையாது. அவர்களுக்குக் கவலை இல்லை. இங்கே வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்பு, கரையானுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுக்கொள்வது நல்லது.