ஐசி நகலில் இரண்டு கோடு

திகாம் பத்துவில் என் போட்டோஸ்டேட் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: "அக்கா, ஐசி ஒரு காப்பி." பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, தவணையில் மோட்டார் எடுக்க, சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் வேலை கேட்க, எல்லாவற்றுக்கும் ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல் வேண்டும். நகலோடு ஒரு பேனாவையும் நீட்டுவேன். குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று மலாயில் எழுதி, தேதியும் போடச் சொல்வேன். கோடு ஓரத்தில் இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். அதனால் படத்தின் மேலும் எண்ணின் மேலும் ஏறி ஓட வேண்டும், ஆனால் வாசிக்க முடியாமல் போகக் கூடாது.

"இதுல என்னக்கா இருக்கு? வெறும் பேரும் நம்பரும்தானே" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

அந்த நம்பரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மொத்தம் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். கெடாவில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 02. மெர்டேக்கா பாலத்தைத் தாண்டி பினாங்குப் பக்கம் பிறந்திருந்தால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். முகம் பார்க்காமலே ஒருவருடைய வயது, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடலாம்.

2017-இல் பேங்கு அட்டையால் கடையில் பணம் கட்ட, கையெழுத்துக்குப் பதிலாக ஆறு இலக்க ரகசிய எண் வந்தது. ஆறு இலக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வழி தேடிய தோட்டத்துப் பெரியவர்கள் பலர் பிறந்த தேதியைப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தேதி ஐசியின் முதல் ஆறு இலக்கமாக அச்சாகி, பேங்கு அட்டை இருக்கும் அதே பர்ஸில், அதற்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறது. பாசார் மாலாமில் பர்ஸ் பறிபோனால், எடுத்தவனுக்குக் கணினி அறிவு எதுவும் தேவையில்லை.

கணினிப் பாதுகாப்பு என்றதும் இருட்டறையில் ஒருவன் விசைப்பலகையைத் தட்டுகிற படம்தான் பலருக்கு மனதில் வருகிறது. அப்படிப்பட்டவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். 2017 அக்டோபரில், இந்நாட்டு கைப்பேசி நிறுவன வாடிக்கையாளர்களின் விவரங்கள் வெளியே விற்பனைக்குச் சுற்றுகின்றன என்ற செய்தி வந்தது. மொத்தம் 4 கோடியே 62 லட்சம் எண்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். ஆளுக்கு இரண்டு மூன்று சிம் வைத்திருப்பதால் கணக்கு இப்படி வருகிறது. பெயர், ஐசி எண், வீட்டு முகவரி, சிம் விவரம் எல்லாம் அதில் இருந்தன. போன் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஐசி எண்ணை எங்கே போய் மாற்றுவது?

ஆகவே, முன்பின் தெரியாத ஒருவன் போனில் உங்கள் முழுப் பெயரையும் ஐசி எண்ணையும் தடுமாறாமல் சொன்னால், அவன் போலீஸ் என்று அர்த்தமில்லை. பட்டியல் ஒன்று அவன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். மக்காவ் மோசடி என்று பத்திரிகைகள் எழுதுகிற விவகாரம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. முதலில் அஞ்சல் பொட்டலம், வருமான வரி பாக்கி என்று ஏதாவது ஒரு பேச்சு. பிறகு "பாலாய் போலீஸுக்கு லைனை மாற்றுகிறேன்" என்பான். அங்கே இன்னொருவன் இன்ஸ்பெக்டராக மிரட்டுவான். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, விசாரணை ரகசியமானது, பிள்ளைகளிடம்கூட மூச்சு விடக்கூடாது, பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள் என்று அடுக்குவான். யாரிடமும் சொல்லாதே என்கிறானே, அந்த ஒரு வரிதான் அவனுடைய முழு வித்தையும். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தால் அவளே கேட்டிருப்பாள்: "போலீஸ் எதுக்கு நம்ம காச அவன் கணக்குல போடச் சொல்லணும்?"

இப்போது கல்யாணப் பத்திரிகைக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்புவது நம்மிடையே சகஜமாகிவிட்டது. 2023 வாக்கில் இதையே வேடமாக்கிக்கொண்டு ஒரு மோசடி கிளம்பியது, போலீஸும் எச்சரித்தார்கள். வருவது படமும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடியும். ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றுகிற கோப்பு அது. தொட்டதும் போனே ஒரு தடை போடும்: இந்த இடத்திலிருந்து செயலி ஏற்ற அனுமதி இல்லை என்று. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று பார்க்கிற அவசரத்தில் நாம் அமைப்புக்குள் போய்த் தடையை நீக்கிவிடுவோம். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதற்கும் சரி. அத்தோடு, பணம் மாற்றுவதை உறுதிசெய்ய பேங்கு குறுஞ்செய்தியில் அனுப்புகிற டேக் எண் நமக்கு மட்டுமல்ல, அவனுக்கும் போகும்.

இது புது வித்தை இல்லை. 2022-இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம், மலேசியாவில் வீடு துப்புரவுச் சேவை என்ற பெயரில் பரவிய போலிச் செயலிகளைப் பிரித்துக் காட்டியது. எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தவை அவை. பணம் கட்டும் பக்கத்தில் பேங்கின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அசல் போலவே ஒரு நுழைவுப் பக்கம் வரும். அதில் தட்டிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நேராகத் திருடனுக்கு. அந்தச் செயலி குறுஞ்செய்தியையும் திருப்பி அனுப்பிவிடுவதால் பூட்டும் சாவியும் ஒரே கையில் சேர்ந்துவிடும். அதே ஆண்டு செப்டம்பரில், குறுஞ்செய்தி வழி டேக் எண்ணைக் கைவிடும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்குச் சொன்னது. ஒரு கணக்குக்கு ஒரு போன்தான், புது போனைப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அப்போது வந்த ஏற்பாடுதான். புது போன் வாங்கியவர்கள் என்னிடம் வந்து, "பேங்கு ஆப் உடனே வேலை செய்ய மாட்டேங்குது லா" என்று திட்டுவார்கள். திருடன் உங்கள் கணக்கைத் தன் போனில் பதிந்தால் அவனும் அதே நேரம் காத்திருக்கத்தான் வேண்டும், அதற்குள் உங்களுக்குத் தகவல் வந்துவிடும் என்று சொன்னால் கோபம் கொஞ்சம் தணியும்.

படத்தைப் பார்க்க எதையும் ஏற்றத் தேவையில்லை. ஏற்றச் சொன்னால் அது பத்திரிகை இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் இதை மட்டும்தான் சொல்வேன். மற்ற விளக்கமெல்லாம் அவர்கள் காதில் நிற்பதில்லை.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தால்கூடவா என்பார்கள். அதிலிருந்து வந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். "ஆண்ட்டி, தப்பா உங்க போனுக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு வந்திருக்கும், அனுப்பி விடுங்களேன்" என்று செய்தி வரும். அது உங்கள் வாட்ஸ்அப்பையே வேறொரு போனில் திறக்கும் எண். கொடுத்தால் உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, உங்கள் தங்கச்சியிடம் அவன் கடன் கேட்பான். வாட்ஸ்அப் அமைப்பில் இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அங்கே நீங்களே ஓர் எண்ணை வைத்துவிட்டால், வந்த எண்ணை ஏமாந்து கொடுத்தாலும் கணக்கு கைமாறாது. வைத்து முடிக்க ஒரு நிமிடம் போதும். பிறந்த தேதியை மட்டும் போடாதீர்கள்.

என் கடைக் கணினியையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஊர்ப்பட்ட பென்டிரைவ் எல்லாம் வந்து சொருகுகிற இடம் அது. ஒன்றில் இருக்கும் நச்சுநிரல் எல்லாவற்றுக்கும் தொற்றும். கோப்புகள் மறைந்து குறுக்குவழிப் படங்களாக நிற்பதைப் பார்த்து மாணவர்கள் அலறுவார்கள். வாட்ஸ்அப்பில் அச்சுக்கு வரும் ஐசி படங்களை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன், குப்பைத்தொட்டியையும் சேர்த்து. பெரிய போட்டோஸ்டேட் இயந்திரங்கள் பலவற்றுக்குள் ஒரு வன்தட்டு இருக்கிறது, நகலெடுத்த தாள்களின் பிம்பம் அதில் தங்கிவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. பழைய இயந்திரத்தை விற்கிறவர் அதை அழித்துவிட்டு விற்க வேண்டும்.

கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் பறிக்கிற வகை ஒன்று இருக்கிறது. 2017 மே மாதம் அந்த வகையைச் சேர்ந்த வான்னாகிரை 150 நாடுகளில் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. 'அப்டேட்' கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்று தள்ளியவர்கள் மாட்டினார்கள். 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலைய நிறுவனத்திடம் இப்படிப் பணம் பறிக்கிறவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். கொடுக்க மறுத்துவிட்டதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் சொன்னார். இது பெரிய இடத்து விவகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. கோயில் கணக்கு முழுவதும் செயலாளரின் ஒரே மடிக்கணினியில் இருந்தால் அதுவும் போகும். வெளி வன்தட்டில் ஒரு நகல் எடுத்து, கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். கணினியிலேயே சொருகி விட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பணம் போய்விட்டதென்றால் அழுதுகொண்டு என் கடைக்கு ஓடி வராதீர்கள். உங்கள் பேங்கையும் 997-ஐயும் உடனே அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. திருட்டுப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. அங்கிருந்து இன்னொன்று, இன்னொன்று என்று தாவிக்கொண்டே இருக்கும். முதல் ஓரிரு கணக்கில் இருக்கும்போது தடுத்தால்தான் உண்டு. அதன் பிறகு போலீஸ் புகார்.

அந்தத் தாவலுக்குக் கணக்கு கொடுப்பது யார்? பெரும்பாலும் நம் பையன்கள் மாதிரி ஆட்கள்தான். சில நூறு வெள்ளிக்கு பேங்கு அட்டையையும் ரகசிய எண்ணையும் வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். பணம் போன கணக்கு அவன் பெயரில் இருப்பதால் கோர்ட்டில் நிற்பவனும் அவனே. போனில் பேசியவன் யாரென்று அவனுக்கே தெரியாது. இவர்களுக்கென்றே 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

முகநூலில் பார்த்த பொருளுக்குப் பணம் போடுமுன், அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். அதன் மேல் புகார் இருந்தால் காட்டும். எதுவும் இல்லை என்று வந்தாலும் அவசரப்பட வேண்டாம். நேற்றுதான் வாடகைக்குப் போன கணக்கின் மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.