முயலுக்குப் பல் சிகிச்சை: வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

உங்கள் முயல் தட்டருகே ஆசையாக ஓடி வருகிறது. கீரைத் தண்டை வாயில் கவ்வுகிறது, இரண்டு தடவை மெல்கிறது, கீழே போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்லைத்தான். மருத்துவரிடம் போனால், மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்க்க வேண்டும் என்கிறார். கேட்டதும் பயம் வருவது இயல்பு. மருத்துவமனையில் என்ன நடக்கும், வீட்டுக்கு வந்தபின் உங்கள் வேலை என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முயலுக்கு ஏன் பல்லில் இவ்வளவு தொல்லை? அதற்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் ஒரு வாரத்தில் சுமார் 2 மி.மீ. வளர்ந்துவிடும். வளர்வதற்கு ஈடாகத் தேய்ந்தால்தான் அளவு நிற்கும். புல்லை மெல்லும்போது கீழ்த்தாடை ஆட்டுக்கல் குழவி மாதிரி பக்கவாட்டில் சுழன்று அரைக்கும். புல்லில் இருக்கும் சிலிக்கா (மணலில் உள்ள அதே கடினப் பொருள்) பல்லைத் தேய்க்கும். கடைத் தீவனமும் பழமும் மட்டும் தின்னும் முயலுக்கு இந்த அரைப்பு போதாது. கடைவாய்ப் பற்களின் ஓரம் தேயாமல் முள்ளாக நீளும். கீழ்ப்பல்லின் முள் நாக்கைக் கிழிக்கும், மேல்பல்லின் முள் கன்னத்தைக் குத்தும்.

அப்படியானால் எல்லாம் நம் தவறுதானா? இல்லை. முகம் குட்டையான குள்ள இனங்களுக்கும் காது தொங்கும் இனங்களுக்கும் தாடை அமைப்பே பொருந்தாமல் இருக்கலாம். கூண்டுக் கம்பியைக் கடித்து இழுப்பதாலும், உயரத்திலிருந்து விழுவதாலும் பல் கோணிப்போகும். நல்ல புல் போட்டு வளர்த்த முயலுக்கும் இந்த நோய் வரும்.

முன்பல் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். தொல்லை பெரும்பாலும் கடைவாயில்தான் இருக்கும், அது நம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரியும் அடையாளங்கள் வேறு. மோவாய் ஈரமாக இருக்கும். முன்காலின் உட்புற மயிர் பிசுபிசுத்து ஒட்டியிருக்கும். மேல்பல்லின் வேர் நீண்டு கண்ணீர்க் குழாயை அடைத்தால் கண்ணில் நீர் வடியும். கீழ்த்தாடையின் அடியில் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேடு மேடாகத் தட்டுப்பட்டால் கீழ்ப்பல்லின் வேர் நீண்டிருக்கலாம். புழுக்கை சிறுத்தாலும் எடை குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நகவெட்டியால் நாமே வெட்டிவிடலாமா? கூடவே கூடாது. வெட்டினால் பல் நெடுக்கில் விரிசல் விடும். விரிசல் வேர்வரை போனால் சீழ் வைக்கும். முயலின் சீழ் கெட்டியானது, கீறி வடிய விட முடியாது. அறுவை செய்து கட்டியோடு எடுக்க வேண்டி வரும். பல்லைச் சுழலும் கருவியால் தேய்ப்பதுதான் சரியான முறை.

மயக்க மருந்து ஆபத்தில்லையா? நாய், பூனையைவிட முயலுக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனால் முயலின் வாய் மிகச் சிறியது. விழித்திருக்கும்போது கடைவாய்ப் பல்லில் கருவி வைக்க முடியாது. ஆபத்தைக் குறைப்பது மருத்துவரின் அனுபவம். எனவே தயங்காமல் கேளுங்கள்: முயலுக்கு அடிக்கடி மயக்கம் கொடுத்துப் பழக்கம் உண்டா? வேரைப் பார்க்க எக்ஸ்ரே எடுப்பீர்களா? வீட்டுக்கு வலி மருந்து தருவீர்களா? பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் போன் செய்து விசாரித்துவிட்டுப் போகலாம்.

முதல்நாள் இரவு பட்டினி போட வேண்டுமா? வேண்டாம். நாய், பூனையைப் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடும் என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் ஓயாமல் அசைய வேண்டும், அதற்கு உணவு உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் யாராவது பழக்கத்தில் ‘காலையில் ஒன்றும் கொடுக்காதீர்கள்’ என்றால், முயலுக்கும் அப்படித்தானா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். வழக்கமாகத் தின்னும் புல்லையும் கீரையையும் ஒரு பையில் கொடுத்தனுப்புங்கள், கண் விழித்ததும் தின்னட்டும். ஜோடி முயல் இருந்தால் அதையும் கூட்டிப் போங்கள். துணை இருந்தால் பயம் குறையும், திரும்பி வந்தபின் சண்டையும் வராது.

வீட்டில் முன்கூட்டி என்னென்ன வாங்கி வைப்பது? வாய் அகலமான 5 அல்லது 10 மி.லி. சிரிஞ்சுகள் (ஊசி இல்லாமல்), ‘கிரிட்டிக்கல் கேர்’ போன்ற நார்ச்சத்து மாவு, சமையலறைத் தராசு, இரண்டு பழைய துண்டுகள். மாவு கிடைக்காவிட்டால் வழக்கமான தீவனக் குச்சியை வெந்நீரில் ஊறவைத்து, மசித்து, ஆறவைத்துக் கொடுக்கலாம். ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்றும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் சில மணி நேரம்தான் முக்கியம். மயக்கம் தெளியும் முயலுக்கு உடம்பு சில்லிடும். காதைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், சூடு பிடிக்காவிட்டால் விலகிப்போக இடமும் விடுங்கள். அதற்காகப் புழுக்கமான அறையில் அடைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் முயலுக்குத் தாங்காது. வழுக்கும் டைல்ஸ் தரையில் விடாமல் துண்டு விரித்து விடுங்கள்.

தின்ன மறுத்தால் என்ன செய்வது? முயலின் பல் நோயில் உயிருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். வாய் வலியால் சாப்பிடாமல் இருந்தால் குடல் தேக்கம் (குடல் அசைவு மந்தமாகி உணவும் வாயுவும் தங்கிவிடுவது) வரும். அது வந்தால் பசியும் போய்விடும், தேக்கம் இன்னும் மோசமாகும். பல்லை மருத்துவர் பார்த்துக்கொண்டார், குடலை ஓட வைப்பது உங்கள் கையில். வந்த சில மணி நேரத்தில் தானாகத் தின்னத் தொடங்காவிட்டால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டுச் சிரிஞ்சில் ஊட்டத் தொடங்குங்கள். 12 மணி நேரம் உணவோ புழுக்கையோ இல்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தால் ஊட்டவும் கூடாது, நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

எப்படி ஊட்டுவது? முயல் நன்றாக விழித்து, தலையைத் தானே நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். தலை மட்டும் வெளியே தெரியும்படி துண்டில் சுற்றி, நான்கு காலும் தரையில் படும்படி உங்கள் பக்கத்தில் அணைத்து உட்காரவையுங்கள். மல்லாத்தவோ முகத்தை மேலே தூக்கவோ வேண்டாம். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கும். அங்கே பக்கவாட்டில் சிரிஞ்சு முனையை நுழைத்து, அரை மி.லி. மட்டும் விடுங்கள். மெல்லட்டும், விழுங்கட்டும், பிறகு அடுத்த அரை மி.லி. அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாயில் போய்விடும். முயலின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 மி.லி. என்பது பொதுவான கணக்கு. நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. முடித்ததும் மோவாயை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் தோல் புண்ணாகும்.

மருந்தில் எதைக் கவனிப்பது? தின்னத் தொடங்கிவிட்டதே என்று வலி மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்தால்தான் அது தின்கிறது. கூனிக்குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் வலி அடங்கவில்லை என்று பொருள். வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். அமாக்சிசிலின், கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகலாம். எழுதித் தந்தவர் முயல் பார்த்துப் பழகாதவர் என்றால் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். காலையில் கூட்டிய புழுக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருண்டையாக, ஒரே அளவாக, உடைத்தால் உள்ளே புல்நார் தெரிந்தால் குடல் ஓடுகிறது. சிறிதாக, கறுத்து, கோணல்மாணலாக இருந்தால் உணவு போதவில்லை.

பழைய தீவனத்துக்கு எப்போது மாறுவது? முதலில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரையை மெல்லிசாக நறுக்கிக் கொடுங்கள். கூடவே புல்லும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். வெறுமனே பல் தேய்த்த முயல் பெரும்பாலும் சில நாளில் தேறிவிடும். பல் பிடுங்கியிருந்தாலோ சீழ்க்கட்டி எடுத்திருந்தாலோ வாரக்கணக்கில் ஆகும்.

மறுபடியும் வருமா? கடைவாய்ப் பல் ஒருமுறை கோணிவிட்டால் பெரும்பாலும் வரும். சில முயலுக்கு நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கும், சிலவற்றுக்குப் பல மாதம் தாங்கும். முதல் முறையே அந்தச் செலவையும் அலைச்சலையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பல் மட்டும் கோணியிருந்தால் அதைப் பிடுங்கிவிடும்படி மருத்துவர் சொல்லலாம். முன்பல் இல்லாத முயல் உதட்டால் எடுத்துத் தின்னப் பழகிக்கொள்ளும். காய்கறியை நீளவாக்கில் நறுக்கிக் கொடுப்பதும் மயிரைச் சீவிவிடுவதும் உங்கள் வேலை.

இனிமேல் என்ன கொடுக்கலாம்? முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும். அருகம்புல், கம்பு நேப்பியர் புல், உலர்புல் எல்லாம் நல்லவை. பூச்சிமருந்து அடித்த வரப்பிலிருந்து மட்டும் அறுக்க வேண்டாம். கேரட்டும் பழமும் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

சிகிச்சை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? யாரும் ஊட்டாமல் புல்லைத் தானே மென்று, பழைய எடைக்குத் திரும்பி, புழுக்கை வழக்கம்போல் விழும்போது. அதுவரை தினமும் கவனியுங்கள். அடுத்த பரிசோதனைக்கான தேதியையும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். முயல் தின்னாமல் முரண்டு பிடிக்கும்வரை காத்திருந்தால் அடுத்த முறை சிகிச்சையும் கடினம், தேறுவதும் கடினம்.