கூடுதல் விலையைக் கொடுத்தது யார்?

கொழும்பு சுப்பர்மார்க்கெட்டில் 'ஓர்கானிக்' தேயிலைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர், வேண்டாமென்றால் பக்கத்துப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். 2021இல் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை.

நாட்டைப் பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாற்றுவதாக 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ சொன்னார். 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானியோடு பத்து ஆண்டுகள் ஒரே நாளாகச் சுருங்கின. இரசாயனப் பசளை, விவசாய மருந்து இறக்குமதி நின்றது.

தேயிலைக்கு முதலில் வேண்டியது நைதரசன். 50 கிலோ யூரியா மூடையில் அது 23 கிலோ இருக்கிறது. நல்ல கூட்டுப்பசளையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அந்த ஒரு மூடைக்கு ஈடுகட்ட ஒன்றரை டன் அளவு கூட்டுப்பசளை வேண்டும். அத்தனைக்கும் சாணமும் குப்பையும் எங்கிருந்து வரும்? வந்தாலும், இறக்குவாணையிலும் தெரணியகலையிலும் லொறி ஏறாத மலைக்கு அதை முதுகில் சுமப்பது யார்? சட்டம் எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை.

நவம்பரில் தடை விலகியது. ஆனால் அதற்குள் பசளை விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. ரூபாய் சரிந்ததில் கொழுந்து விலை ஏறி, சிறுதோட்டக்காரர் சிலர் சமாளித்தார்கள். சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் லயத்துக் குடும்பத்துக்கு அதுவும் இல்லை. கொழுந்து குறைந்தால் நாளுக்குக் குறித்த நிறை வராது. நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். முழுப்பேர் விழுந்தாலும் அப்போது நாளுக்கு 1000 ரூபாய்தான். 2021 மார்ச்சில் வந்த அந்தச் சம்பளம் 2024 செப்டெம்பர் வரை அசையவில்லை. இடையில், 2022 செப்டெம்பரில், கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

இரசாயனத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. புல் மருந்துக் கானைச் சுமந்து தெளிப்பவரும் இதே தொழிலாளிதான். ஆனால் முறையாகச் சேதனத்துக்கு மாறும் தோட்டத்துக்கும் சான்றிதழ் கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை விளைச்சல் குறையும், கைக்களை எடுக்கும் செலவு கூடும், விலை மட்டும் பழைய விலை. அந்த மூன்று ஆண்டுச் செலவை அரசும் கம்பனியும் வாங்குபவரும் முதலிலேயே பொறுப்பேற்கட்டும். கொழுந்து பறிப்பவரின் பேரில் கைவைக்க வேண்டாம்.