சங்கு குளிப்பவரின் மூட்டுவலியும் ஒரு நிலக்கரிச் சுரங்கமும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு ஓய்ந்துவிட்டது. சங்கு குளிப்பு இன்றும் நடக்கிறது. மூச்சு விடும் வழிதான் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் கல்லின் பாரத்தில் இறங்கியவர் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது. அதிலிருந்து வரும் டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிமணலைத் துழாவியபடி வெகுநேரம் கிடக்கலாம். மூச்சு முட்டும் பயம் போய், மூட்டைப் பிடிக்கும் நோய் வந்தது.

அந்த நோயை முதன்முதலில் எழுதிவைத்தவர் நிலக்கரி தேடிய ஒரு பொறியாளர். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் ழாக் ட்ரிஜே சுரங்கம் தோண்டியபோது, ஆற்று மணலில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரும்புக் குழாயை இறக்கி, உள்ளே காற்றை அழுத்தி ஏற்றி, நீரை வெளியே தள்ளினார். அதற்குள் ஏழு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்த இருவருக்கு, வெளியேறி அரை மணி நேரம் கழித்து மூட்டுகளில் கடும் வலி. சாராயம் தேய்த்ததும் குறைந்ததாம். 1841-இல் ட்ரிஜே இதைப் பதிவு செய்தார். 1854-இல் போல், வாத்தெல் என்ற இரு மருத்துவர்கள் வேறொரு சுரங்கத்தின் ஆட்களைக் கவனித்துவிட்டு, ஆபத்து உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில்தான் என்றார்கள். திரும்ப அழுத்தக் காற்றுக்குள் போனால் வலி தணிவதையும் கண்டார்கள்.

காரணத்தை 1878-இல் பால் பேர் என்ற பிரெஞ்சு உடலியலாளர் சொன்னார். பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மீதான அழுத்தம் இரண்டு மடங்கு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்ததுபோல் குமிழ் கிளம்பும். மூட்டில் என்றால் வலியோடு போகும். தண்டுவடத்தில் என்றால் கால் விளங்காது, சிறுநீர் பிரியாது. பல வருடம் முங்கியவர்களுக்கு இடுப்பு மூட்டின் எலும்பே செத்துப்போவதுண்டு.

தீர்வு பழசுதான். ஜே. எஸ். ஹால்டேன், சுரங்கத்து நச்சுக்காற்றை அறியக் கூண்டுப் பறவைகளைக் கொண்டுபோகச் சொன்ன அதே ஹால்டேன், ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று நின்று ஏறும் அட்டவணையை 1908-இல் வெளியிட்டார். பத்துப் பாகம், அதாவது சுமார் 18 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை இருந்தால் நிற்காமலே நிதானமாக ஏறிவிடலாம். அதைத் தாண்டினால் வழியில் நின்றுதான் வர வேண்டும். எண்ணிக்கைக்குக் காசு என்றிருக்கிற தொழிலில், சங்குப் பையோடு நடுக்கடலில் சும்மா தொங்கிக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்?

வலி வருவதோ கரையேறிய பிறகு. அதனால் பழி குளிர்மேல் விழும், கயிறு இழுத்த அலுப்புமேல் விழும், வாதம் என்று தைலம் தேய்ப்பார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஹோண்டுராஸ் கரையில் சிங்கி இறால் பிடிக்க முங்கும் மிஸ்கிட்டோ மக்கள், அளவுக்கு மீறி அள்ளியவரைக் கடல்கன்னி தண்டித்ததாகச் சொல்கிறார்கள். மேலோட்டமாகக் கதை, ஆனால் அதிகம் அள்ளியவர் அதிக நேரம் அடியில் இருந்தவர் என்பது அதற்குள் இருக்கிறது. நம் கரையிலும் ஒரு காலத்தில் பயமெல்லாம் சுறாமேல்தான். மந்திரத்தால் மீனின் வாயைக் கட்டுபவருக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாக மார்க்கோ போலோ எழுதுகிறார். சுறா கண்ணுக்குத் தெரியும், நைட்ரஜன் தெரியாது.

கம்ப்ரசரின் காற்று வேறு சந்தேகத்துக்குரியது. காற்றை இழுக்கும் வாய் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால், டியூப் வழியே கார்பன் மோனாக்சைடும் இறங்கும். அடியிலேயே தலைவலி, மயக்கம் என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வலி வந்தவர் டியூபோடு திரும்ப முங்கினால் குமிழ் சுருங்கி வலி விட்டதுபோல் இருக்கும், கூடவே புது நைட்ரஜனும் ஏறும். செய்ய வேண்டியது, உடனே சுத்தமான ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. கடற்கரை ஊர் டாக்டரிடம் முட்டுவலி என்று ஒரு இளைஞர் வந்தால், மாத்திரை எழுதும் முன் மூன்று கேள்வி கேட்கலாம்: எத்தனை பாகம் இறங்கினாய், எவ்வளவு நேரம் இருந்தாய், எப்படி ஏறினாய்?